லேமினேஷன்: ஒட்டா, உறையா?

ஜெராக்ஸ் கடைப் பலகையில் 'லேமினேசன்' என்று எழுதியிருக்கும். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் என்று எதைக் கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் விறைப்பாகவும் பளபளப்பாகவும் கைக்கு வந்துவிடும். இதைத் தமிழில் சொல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் 'நெகிழி உறையிடல்' என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடக்கும் வேலைக்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது.

உறை என்றால் கழற்றக்கூடியது. தலையணை உறை, கத்தி உறை, கடித உறை எல்லாமே உள்ளே இருப்பதை வேண்டும்போது உருவிக்கொள்ள விடும். லேமினேஷன் செய்த தாளை உருவ முடியாது. அது உறைக்குள் இல்லை; ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய ஆவணங்களைப் பேணுகிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் முதல் பாடம்.

சொல்லின் வேர் இலத்தீன் 'லாமினா'. மெல்லிய தகடு என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வினையானபோது, உலோகத்தை அடித்துத் தகடாக்குவதைக் குறித்தது. பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டும் பொருள் பிறகு வந்து சேர்ந்தது. லாமினாவின் குறுமை வடிவம் 'லாமெல்லா'. அது பிரெஞ்சில் கத்தியின் அலகுக்குப் பெயராகி, பல வடிவம் திரிந்து, தகடுபோல் தட்டையாக வார்த்த முட்டைக்கும் பெயரானது. நம் ஊர் ஆம்லெட்டுக்கும் லேமினேஷனுக்கும் பாட்டி ஒருத்தியே.

தமிழ்ப் பாடநூல்கள் இந்த வேரை ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. தாவரவியலில் லாமினா 'இலைத்தாள்'. இயற்பியலில் லாமினார் ஓட்டம் 'வரிச்சீர் ஓட்டம்'. தச்சுப் பட்டறையில் மரத்தகடுகளை அடுக்கி ஒட்டினால் 'ஒட்டுப்பலகை'. துறைக்குத் துறை, நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆவணத்துக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கடையில் நடப்பது இது. தாளைச் செருகும் நெகிழிப் பையின் வெளிப்புறம் பாலியெஸ்டர் படலம். உட்புறம் சூட்டில் உருகும் பசைப் பூச்சு, பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட். படலத்தின் தடிமன் 75, 125, 250 மைக்ரான் என்று இருக்கும். ஏறக்குறைய 100 முதல் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருளைகளுக்கு நடுவே போகும்போது பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கி, ஆறியதும் இறுகிவிடுகிறது. மறுபடி சூடாக்கினாலும் நாருக்குள் போன பசை முழுவதும் வெளியே வராது; பிய்த்தால் தாளின் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வரும். அரக்கு முத்திரை இருந்தால் உருகும். புடைப்பு முத்திரை நசுங்கும். நீர்க்குறியையும் மையையும் பின்னாளில் யாராவது ஆராய வேண்டுமென்றால் கைக்கு எட்டாது. மடிப்பில் கிழிந்த துண்டுகள் சற்றே விலகியிருந்தால் விலகிய நிலையிலேயே நிலைத்துவிடும். வெப்பத்தாளில் அச்சான ரசீதாக இருந்தால் உள்ளே போனது வெள்ளை, வெளியே வருவது கறுப்பு.

கண்ணுக்குத் தெரியாத கேடு அமிலம். 19ஆம் நூற்றாண்டில் ஆலைத்தாளில் மை ஊறாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் நாளடைவில் அமிலத்தை உண்டாக்கிச் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. தாள் பழுப்பேறி, மடித்தால் அப்பளம்போல் நொறுங்குவது இதனால்தான். இரண்டு படலத்துக்கு நடுவே ஒட்டிவிட்டால் அந்த அமிலமும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே தாள் இற்றுக்கொண்டிருக்கும்.

காப்பகங்கள் இந்த வேலையைச் செய்ததே இல்லையா என்றால், செய்தன. பெரிய அளவிலேயே செய்தன. 1930களில் அமெரிக்காவில் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஆவணத்தோடு சேர்க்கும் முறை வந்தது. வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ அதற்கென உருளைப் பொறி அமைத்துப் பெயர் பெற்றார். படலம் மட்டும் போதாது, முதலில் தாளின் அமிலத்தை நீக்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவர்தான். அதை விட்டுவிட்டுப் படலத்தை மட்டும் எடுத்துக்கொண்ட இடங்களில் விளைவு மோசம். செல்லுலோஸ் அசிட்டேட்டும் காலப்போக்கில் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பழைய திரைப்படச் சுருள் பெட்டியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் காடி நெடி இதுதான்.

இந்தியாவில் தேசிய ஆவணக் காப்பகம் சூடும் பொறியும் இல்லாத ஒரு வழியை உருவாக்கியது. கண்ணாடிமேல் மெழுகுத்தாள், அதன்மேல் டிஷ்யூ என்ற மெல்லிய தாள், அசிட்டேட் படலம், ஆவணம், மறுபடி படலம், டிஷ்யூ. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒற்றிக்கொண்டே போவார்கள். அசிட்டோன் படலத்தைக் கரைத்து டிஷ்யூவையும் ஆவணத்தையும் பிணைத்துவிட்டு ஆவியாகிவிடும். மின்சாரம் நம்ப முடியாத காலத்துக்கு ஏற்ற உத்தி. குறைகளும் உண்டு. நடுவில் தொடங்காமல் ஓரத்தில் தொடங்கினால் காற்றுக் குமிழி மாட்டும். மழைநாளில் செய்தால், அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வெள்ளைப் புகைபோல் மூடும். ரப்பர் முத்திரை மையும் பந்துமுனைப் பேனா மையும் அசிட்டோன் பட்டால் ஓடிவிடும். அறையில் எங்கும் நெருப்பு இருக்கக் கூடாது.

இந்த இரண்டு வேலைக்கும் 'படல ஒட்டு' என்பதே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. 'படலம்' என்றதும் கம்பனின் ஆற்றுப்படலம் நினைவுக்கு வருகிறவர்கள் இருக்கலாம். ஆனால் கண்ணில் படலம், ஓசோன் படலம் என்று மெல்லிய போர்வைப் பொருளிலும் அது நாள்தோறும் புழங்குகிறது. கடையில் நடப்பது வெப்பப் படல ஒட்டு; அசிட்டோனால் செய்வது கரைப்பான் படல ஒட்டு. 'மெல்லொட்டு' என்று சொல்லலாமே என்றால், அது சுருக்கம்தான். ஆனால் ஒட்டுவது படலம் என்பதைச் சொல்லவில்லை.

அப்படியானால் 'உறை' எதற்கு? அதற்குரிய வேலை தனியாக இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1970களில் பரப்பிய எங்கேப்சுலேஷன். மைலார் என்ற பெயரில் பலர் அறிந்த தெளிந்த பாலியெஸ்டர் தாள்கள் இரண்டு, நடுவே ஆவணம், ஓரங்களை மட்டும் மீயொலியாலோ இருபக்க நாடாவாலோ இணைப்பார்கள். ஆவணத்தின் விளிம்புக்கும் இணைப்புக்கும் இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் விட வேண்டும். இல்லாவிட்டால் தாள் நழுவி நாடாவின் பசையில் ஒட்டிக்கொள்ளும். மூலைகளில் காற்றுப் போகச் சிறு இடைவெளி விடுவதும் வழக்கம். படலத்தின் நிலைமின்னே தாளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதே நிலைமின் கரிக்கோல் ஓவியத்தின் தூளையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் அத்தகையவற்றுக்கு இது ஆகாது. இங்கும் முதலில் அமிலம் நீக்க வேண்டும். முடியாவிட்டால் காரம் சேர்த்த தாள் ஒன்றைப் பின்னால் வைப்பார்கள். நாளைக்கு வேண்டுமென்றால் ஓரத்தை வெட்டித் தாளை முழுதாக எடுத்துவிடலாம். 'படல உறை' என்ற பெயர் இதற்குத்தான் சொந்தம்.

கிழிந்த தாளுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டும் அல்ல. துணிக்குச் சொல்வதுபோல் ஒட்டுப் போடுவதுதான். அதற்குக் கோசோ என்ற மரப்பட்டை நாரில் செய்த ஜப்பானிய டிஷ்யூவும் கோதுமை மாப்பொருள் (ஸ்டார்ச்) பசையும் வேண்டும். மைதா வேறு, மாப்பொருள் வேறு. மைதாவில் புரதம் இருக்கிறது. அது இறுகும், பூச்சியை அழைக்கும். பைண்டிங் பட்டறைகளில் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். பூச்சி வராதுதான், ஆனால் துத்தத்திலுள்ள செம்பு தாளின் சிதைவை விரைவாக்கும்.

ஒரு பங்கு மாப்பொருளை நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். பால்போல் இருந்தது கண்ணாடிபோல் மாறும். ஆறியதும் நுண்சல்லடையில் இரண்டு மூன்று முறை தேய்த்து வடித்து, கிழிசலுக்குத் தயிர்ப் பதமாகக் கரைத்துக்கொள்ளலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டக் கூடாது. நனைத்த தூரிகையால் கோடு இழுத்து, அந்த ஈரக்கோட்டில் பிய்த்தால் ஓரத்தில் நார்கள் மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மீசைதான் பிடிப்பு. வெட்டிய ஓரம் கூர்மையாக நிற்பதால், தாள் அந்தக் கோட்டிலேயே மடிந்து மறுபடி உடையும். பட்டை 5 முதல் 8 மில்லிமீட்டர் அகலம் போதும். ஒட்டிய இடத்தின் மேலும் கீழும் ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதற்கு மேல் மையொற்றுத்தாள், கண்ணாடி, எடை. ஈரம் மிகுந்தால் காய்ந்தபின் பழுப்பு நீர்க்கோடு விழும். பசை கெட்டியானால் காயும்போது இழுத்துச் சுருக்கும்.

தொடங்குமுன் மையைச் சோதிக்காமல் இருக்கக் கூடாது. ஓர் எழுத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு நீர் வைத்துச் சில நொடி கழித்து மையொற்றுத்தாளால் ஒற்றினால், நிறம் வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். வந்தால் நீர்ப் பசை ஆகாது. கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்த்த பழைய மை இன்னொரு வகைத் தொல்லை. நிறம் ஓடாவிட்டாலும் ஈரம் பட்டால் அதிலுள்ள இரும்பு எழுத்தைத் தாண்டிப் பரவி, பின்னாளில் அங்கும் தாளை அரிக்கும். அத்தகைய எழுத்தின்மேல் ஜெலட்டின் பூசி உலர்த்திய டிஷ்யூவை மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்டுவார்கள்.

இதையும் 'ஒட்டு' என்றுதானே சொல்கிறோம் என்று கேட்கலாம். முன்னால் வரும் அடைமொழி வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. பசை ஒட்டு நீரில் விடும். கரைப்பான் ஒட்டைப் பல முறை அசிட்டோனில் ஊறவைத்துப் பிரிக்கலாம். வெப்ப ஒட்டுக்கு அப்படி எளிய மறுவழி இல்லை.

ஏற்கெனவே லேமினேஷன் செய்துவிட்ட பத்திரத்தைப் பிய்த்துப் பார்க்காமல், அயர்ன் பாக்ஸ் வைக்காமல், தட்டையாக, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, நல்ல தெளிவில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கி வைக்கலாம். அந்த நகலைக் கடைக்குக் கொண்டுபோகாமல் படல உறையில் போடுங்கள்.