ஸ்பூல்: சொல்லின் பொருளும், அதன் வழியே படம் அச்சாகும் விதமும்

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினி ஓடும் அலுவலகத்தில் பில் அச்சாகவில்லை என்று யாராவது சொன்னால், கணினிப் பிரிவிலிருந்து வரும் முதல் கேள்வி “ஸ்பூல் ஃபைல் விழுந்திருக்கா?” என்பதுதான். நிரல் தன் வேலையை முடித்ததா, கோளாறு அச்சுப்பொறிப் பக்கம் இருக்கிறதா என்பதை அந்த ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

நிரல் அச்சுக்கு அனுப்பும் வெளியீட்டை நேரே அச்சுப்பொறிக்குத் தள்ளாமல், வட்டில் சேர்த்து வைத்து, முறை வந்ததும் எடுத்துக்கொடுப்பதே ஸ்பூலிங். அப்படிச் சேர்த்துவைத்த ஒவ்வொரு வெளியீடும் ஒரு ஸ்பூல் ஃபைல். அவை காத்திருக்கும் இடம் அவுட்க்யூ. அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அச்சுப்பொறிக்கு அனுப்புவது ரைட்டர்.

ஆங்கிலத்தில் ஸ்பூல் என்றால் நூல் சுற்றும் கட்டை. பழைய டச்சு மொழியின் ‘ஸ்பூலே’, ஜெர்மனின் ‘ஷ்பூலே’ ஆகியவற்றின் உறவுச் சொல் அது, நெசவோடு பிறந்தது. கணினிக்குள் அது எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. காந்த நாடா சுற்றிய சக்கரத்தையும் ஸ்பூல் என்றே அழைத்தார்கள். அச்சுக்குப் போக வேண்டியதை முதலில் அந்த நாடாவில் எழுதிவைத்த காலத்திலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது என்பது ஒன்று. ‘சைமல்டேனியஸ் பெரிஃபெரல் ஆபரேஷன்ஸ் ஆன்-லைன்’ என்ற தொடரின் முதலெழுத்துகள் என்பது மற்றொன்று. ஐபிஎம் 7070 என்ற பழைய கணினியின் காலத்திலேயே இந்த விரிவு புழங்கியது. சொல் முதலில் வந்து விரிவு பின்னால் பொருத்தப்பட்டது என்றே தோன்றுகிறது. விரிவு அவ்வளவு கச்சிதமாக அமைந்திருப்பதே அந்த ஐயத்தைக் கிளப்புகிறது.

நெசவு உவமை மேலோட்டமானதன்று. கைத்தறியில் ஊடைநூலை முன்கூட்டியே தாராகச் சுற்றிவைப்பார்கள். சுற்றுகிறவர் வேகம் வேறு, நெய்கிறவர் வேகம் வேறு. தார் நடுவில் இருப்பதால் ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே ஸ்பூல் செய்வது இதே வேலைதான். தாருக்குப் பொருந்தும் இன்னொன்றும் இதற்குப் பொருந்தும்: என்ன இழையில் சுற்றினோமோ அதைத்தான் நெய்ய முடியும். ஏஎஸ்/400-இல் படம் அச்சிடுவதன் சிக்கலெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1988 ஜூன் 21 அன்று அறிமுகமான இந்த இயந்திரம் மின்னசோட்டாவின் ரோசெஸ்டரில் உருவானது. ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, இன்று பவர் இயந்திரங்களில் ஓடும் ஐபிஎம் ஐ ஆகியிருக்கிறது. இத்தனை காலத்திலும் ஒரு பழக்கம் மாறவில்லை: அச்சின் அமைப்பைச் சொல்லும் பிரின்டர் ஃபைலில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஸ்பூல் ஃபைல் எஸ்சிஎஸ் வகையில்தான் உருவாகும். எஸ்சிஎஸ் என்பது எழுத்துகளும் சில கட்டுப்பாட்டுக் குறிகளும் மட்டுமே கொண்ட ஓட்டம். அதில் படத்துக்கு இடமில்லை. எவ்வளவு விலையுயர்ந்த அச்சுப்பொறியை மாட்டினாலும் எஸ்சிஎஸ் ஸ்பூலிலிருந்து நிறுவனச் சின்னம் வராது.

படம் வேண்டுமென்றால் பிரின்டர் ஃபைலின் டிவைஸ் டைப், எழுத்தோடு படத்தையும் ஏற்கும் ஏஎஃப்பிடிஎஸ் (ஐபிஎம்மின் ஏஎஃப்பி அச்சுமுறைக்கான ஓட்டம்) ஆக இருக்க வேண்டும். இருக்கும் ஸ்பூல் எந்த வகை என்று பார்க்க, ஸ்பூல் ஃபைல்கள் திரையில் அதன் எதிரே 8 போட்டு என்டர் தட்டினால் பண்புகள் வரும். ‘பிரின்டர் டிவைஸ் டைப்’ வரியில் விடை இருக்கும். 5 போட்டுத் திறந்து பார்த்து “படம் தெரியலையே” என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தப் பச்சைத்திரை எழுத்தை மட்டுமே காட்டும்.

இனி மென்பொருள். ஏஎஃப்பிடிஎஸ் ஸ்பூலை உருவாக்க இயங்குதளமே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். படத்தை அந்த இயந்திரத்துக்குப் புரியும் பொருளாக மாற்றத்தான் ஒரு கருவி தேவை. சின்னம், கையெழுத்து போன்ற சிறு படமானால் பேஜ் செக்மென்ட். முழுப் பக்கப் படிவமானால் ஓவர்லே. ஐசீரிஸ் ஆக்சஸ் தொகுப்போடு வந்த விண்டோஸ் ஏஎஃப்பி பிரின்டர் டிரைவரால் இரண்டையும் செய்யலாம். வேர்டில் சின்னத்தை வைத்து, அந்த டிரைவருக்கு ‘கோப்பாக அச்சிடு’ என்று கொடுத்தால் கோப்பு கிடைக்கும். அதை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில், ஏஎஸ்/400-இன் தரவுக் கோப்பான ஒரு ஃபிசிக்கல் ஃபைலுக்குள் ஏற்றி, ‘கிரியேட் பேஜ் செக்மென்ட்’ கட்டளையால் பொருளாக்க வேண்டும். பெயர் 8 எழுத்துக்குள் இருக்கட்டும்.

இங்கே மிக எளிதாக நடக்கும் பிழை, எஃப்டிபியை, பைட்டுகளை அப்படியே அனுப்பும் பைனரி முறைக்கு மாற்ற மறப்பது. ஏஎஃப்பி கோப்பில் ஒவ்வொரு புலமும் 5ஏ என்ற பைட்டில் தொடங்கும். பேஜ் செக்மென்ட் என்றால் 5ஏ, அடுத்து நீளத்துக்கு இரண்டு பைட், அதன்பின் டி3 ஏ8 5எஃப் என்று வரும். அந்த 5ஏ, பிசியின் எழுத்துக்குறியீடான ஆஸ்கியில் ‘இசட்’ எழுத்து, ஏஎஸ்/400-இன் எழுத்துக்குறியீடான எப்சிடிக்கிலோ ஆச்சரியக்குறி. ஆஸ்கி முறையில் அனுப்பினால் இயந்திரம் உதவி செய்வதாக நினைத்து அந்த இசட்டை எப்சிடிக் இசட்டாக, அதாவது இ9 ஆக மாற்றிவிடும். கோப்பு முழுவதும் இதே போலக் கெட்டுப்போகும். ஆகவே ஏற்றியதும் ஃபிசிக்கல் ஃபைலைத் திறந்து முதல் எழுத்தைப் பாருங்கள். ஆச்சரியக்குறி இருந்தால் சரி. இசட் இருந்தால் அழித்துவிட்டு பைனரியில் மறுபடி அனுப்ப வேண்டும். ஐயமிருந்தால் எஃப்10 அழுத்தி ஹெக்ஸில் பார்க்கலாம்.

பிறகு பிரின்டர் ஃபைலை விவரிக்கும் டிடிஎஸ்-இல் பிஏஜிஎஸ்இஜி என்ற சொல்லைப் போட்டு, படப்பொருள் இருக்கும் நூலகம், அதன் பெயர், மேலிருந்து எவ்வளவு, இடமிருந்து எவ்வளவு என்று கொடுத்தால் அந்த இடத்தில் படம் அமரும். பழைய நிரலைத் தொடவே கூடாத நிலை என்றால், பிரின்டர் ஃபைலை ஓவர்ரைடு செய்து வகையை ஏஎஃப்பிடிஎஸ் ஆக்கி, முன்பக்க ஓவர்லேயைக் குறிப்பிட்டால் போதும். நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

அச்சுப்பொறிப் பக்கம் இரண்டு வழிகள். ஐபிஎம்மின் ஐபிடிஎஸ் அச்சு மொழி அறிந்த அச்சுப்பொறி என்றால் பிரின்ட் சர்வீசஸ் ஃபெசிலிட்டி, சுருக்கமாக பிஎஸ்எஃப், வேண்டும். அது இயங்குதளத்தின் 36, 37, 38 ஆம் தெரிவுகளாக, அச்சுப்பொறியின் வேகத்துக்கு ஏற்ற மூன்று படிகளில் வந்தது. பிசிஎல் என்ற பரவலான அச்சு மொழி அறிந்த சாதாரண லேசர் அச்சுப்பொறி என்றால் பிஎஸ்எஃப் தேவையில்லை. இயங்குதளத்திலேயே இருக்கும் ஹோஸ்ட் பிரின்ட் டிரான்ஸ்ஃபார்ம் ஏஎஃப்பிடிஎஸ்-ஐ பிசிஎல்லாக மாற்றிக்கொடுக்கும். அதற்கு 8 ஆம் தெரிவான ஏஎஃப்பி கம்பேட்டிபிலிட்டி எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, படம் வருகிறது, எழுத்து சரியாக வரவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. டிவைஸ் விவரத்தில் டிரான்ஸ்ஃபார்மை ‘யெஸ்’ ஆக்கி, தயாரிப்பாளர்-மாதிரி பெயரைச் சரியாகக் கொடுப்பதும் அவசியம். மாதிரி தவறினால் தாள் தாளாகப் புரியாத குறிகள் கொட்டும். டிஃப், ஜிஃப் போன்ற படக்கோப்பை அப்படியே அச்சிட இமேஜ் பிரின்ட் டிரான்ஸ்ஃபார்ம் தனியாக இருக்கிறது. அதற்கு டிவைஸ் விவரத்தில் இமேஜ் கான்ஃபிகரேஷன் பெயரையும் நிரப்ப வேண்டும்.

ஸ்பூல் என்ற பெயர் மறைத்துவிடும் ஒன்று இருக்கிறது. பேஜ் செக்மென்ட் படம் ஸ்பூலுக்குள் சுற்றப்படுவதில்லை. அதன் பெயர் மட்டுமே உள்ளே இருக்கிறது. அச்சாகும் நேரத்தில்தான் இயந்திரம் படத்தைத் தேடிப்போகிறது. அதனால்தான், நேற்று சின்னத்தோடு அச்சான பில்லை இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பி அச்சிட்டால் சின்னம் கிடைக்காமல் போகிறது. படம் இருக்கும் நூலகத்தை அங்கேயும் வைக்க வேண்டும். டிடிஎஸ்-இல் நூலகப் பெயரை எழுதாமல் இயந்திரம் வரிசையாகத் தேடும் நூலகங்களின் பட்டியலான லைப்ரரி லிஸ்ட்டை நம்பியிருந்தாலும் இதே தொல்லை வரலாம்.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? ‘சுருள்’ என்ற வேரிலிருந்து சொல் அமைப்போர் உண்டு. அது கட்டையின் வடிவத்தை மட்டும் பெயர்க்கிறது, வேலையைச் சொல்லவில்லை. ‘தார்’ வேலையைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் நெசவுக்கு வெளியே உள்ளவருக்குத் தார் என்றால் சாலைதான் நினைவுக்கு வரும். ஏரியில் நீரைத் தேக்கி, மதகு வழியே அளவாக விடும் நமக்குத் ‘தேக்கம்’ கைக்கெட்டிய சொல். ஸ்பூலிங்கை ‘அச்சுத்தேக்கம்’ எனலாம். ஸ்பூல் ஃபைல் ‘தேக்கக் கோப்பு’, அவுட்க்யூ ‘அச்சு வரிசை’, ரைட்டர் ‘அச்சனுப்பி’, பேஜ் செக்மென்ட் ‘படத்துண்டு’, ஓவர்லே ‘மேற்படிவம்’. பேச்சில் ஸ்பூல் ஃபைல் என்றே இருக்கட்டும். தமிழில் கையேடு எழுதும்போது ‘தேக்கக் கோப்பின் வகையைப் பார்க்கவும்’ என்று எழுதி, திரையில் தெரியும் ஆங்கிலப் பெயரையும் முதல்முறை மட்டும் பக்கத்தில் கொடுத்தால், புதிதாக வேலைக்கு வருகிறவர் இரண்டையும் பொருத்திக்கொள்வார்.