ஃப்ரீலான்ஸ்: ஈட்டியோடு வந்த சொல்

எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாகச் சேராமல், எடுத்த வேலைக்கு மட்டும் ஊதியம் வாங்கி உழைப்பதுதான் ஃப்ரீலான்ஸ். ஆனால் 'ஃப்ரீலான்ஸ்' என்றதும் முன்பாதியை மட்டும் கேட்டுவிட்டு இலவசமாக வேலை வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. பின்பாதியை யாரும் கவனிப்பதில்லை. 'லான்ஸ்' என்பது குதிரைவீரன் ஏந்தும் நீண்ட ஈட்டி. 'ஃப்ரீ' என்றால் இங்கே எந்த அரசனுக்கும் கட்டுப்படாத. அதாவது, சம்பளம் தருபவன் பக்கம் நின்று போரிடும் ஈட்டிவீரன். இலவசத்துக்கு நேர் எதிர்!

இப்படிப்பட்ட படைகளை இடைக்கால இத்தாலிய நகரங்கள் ஒப்பந்தம் போட்டு அமர்த்தின. ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயர் அதில் பேர்போனவர். பணம் கொடுத்தவர்களுக்காக அணி மாறி மாறிப் போரிட்டு, 1394இல் புளோரன்ஸில் இறந்தார். அந்த ஊர்ப் பேராலயச் சுவரில் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் அவர் ஓவியம் இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் இந்தச் சொல் கிடையாது.

அதைப் பரப்பியவர் வால்டர் ஸ்காட். 1771இல் எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். முதலில் கவிஞராகத்தான் புகழ்பெற்றார். 1813இல் அரசவைக் கவிஞர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த ஆண்டே தன் பெயர் போடாமல் 'வேவர்லி' நாவலை வெளியிட்டார். சரித்திர நாவல் என்ற வகை ஐரோப்பா முழுக்க வேரூன்றியது அதன் பிறகுதான். 1826இல் அவர் பங்கு வைத்திருந்த அச்சகம் நொடித்து, பெருங்கடன் தலையில் விழுந்தது. எழுதியே அடைப்பேன் என்று உட்கார்ந்தவர், 1832இல் இறக்கும்வரை எழுதினார்.

நம் சொல் வருவது 1819 டிசம்பரில் வெளியான 'ஐவன்ஹோ'வில். கதை 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. இளவரசர் ஜானின் ஆளான டி பிரேசி ஒரு கூலிப்படைத் தலைவன். என் ஃப்ரீ லான்ஸ்களை ரிச்சர்டு மன்னருக்குத் தர முன்வந்தேன், அவர் மறுத்துவிட்டார் என்கிறான். அதனால் என்ன, ஹல் துறைமுகத்தில் கப்பலைப் பிடித்து ஃபிளாண்டர்ஸ் போய்விடுவானாம். செயல்வீரனுக்கு எங்கும் வேலை உண்டாம். இன்றைய ஃப்ரீலான்ஸர் பேச்சேதான்.

அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத அரசியல்வாதிகளையும், அப்புறம் பத்திரிகை எழுத்தாளர்களையும் இப்படி அழைக்கத் தொடங்கினார்கள். ஈட்டி போய் பேனா வந்தது.

சரி, தமிழில்? 'பகுதிநேரம்' தவறு, ஃப்ரீலான்ஸர் நாள் முழுக்கவும் உழைக்கலாம். 'கூலிப்படை' மூலப் பொருளுக்குப் பொருந்தும், ஆனால் நம் செய்தித்தாள்களில் அது கொலைகாரர்களின் பெயராகிவிட்டது. இலங்கையில் வழங்கும் 'சுதந்திர ஊடகவியலாளர்' நல்ல சொல்; என்ன, யார் செல்வாக்குக்கும் உட்படாதவர் என்றும் பொருள்படும். 'கட்டற்ற' என்பது மென்பொருளுக்கு அழகாக உட்கார்ந்தது. 'கட்டற்ற எழுத்தாளர்' என்றாலோ அடங்காத ஆள்போல் ஒலிக்கிறது. என் தேர்வு 'தனிப்பணியாளர்'. தனிப்பணி மொழிபெயர்ப்பாளர், தனிப்பணி ஒளிப்படக்காரர் என்று எந்தத் தொழிலோடும் ஒட்டிக்கொள்ளும்.