துப்பாக்கிக் குண்டுக் காயம் என்றாலே 'விபத்து' இல்லை: கோடர்களுக்கு ஒரு வேண்டுகோள்

போன வாரம் ஆடிட்டில், அதாவது போட்ட கோடுகளைச் சரிபார்க்கும்போது, மறுபடியும் ஒன்று. அமெரிக்க எமர்ஜென்சி சார்ட். இந்தச் சார்ட்டுகளைப் படித்து, காயத்துக்கும் அது எப்படி வந்தது என்பதற்கும் எழுத்தும் எண்ணுமாகக் கோட் போடுவதுதான் கோடர் வேலை. எதற்காக வந்தார் என்ற இடத்தில் 'இடது தொடையில் குண்டுக் காயம்' என்று ஒரே வரி. அதற்குக் கீழே டாக்டர் விவரமாக எழுதியிருக்கிறார்: நோயாளி ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார், ஒரு கார் வந்து வேகத்தைக் குறைத்தது, உள்ளேயிருந்து சுட்டார்கள், இவர் ஓடினார், இரண்டு கட்டடம் தாண்டிய பிறகுதான் பேன்ட் நனைந்திருப்பதைப் பார்த்தார். இவ்வளவும் இருக்கிற சார்ட்டுக்கு எங்கள் கோடர் போட்டிருந்தது டபிள்யூ 34.00. அதாவது, துப்பாக்கி தற்செயலாக வெடித்த விபத்து. (விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கேயும் வேண்டாம், உங்கள் டீ பிரேக்கிலும் வேண்டாம்.)

கோட் போட்ட பெண்ணைக் கூப்பிட்டேன். மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வந்தவள், காயத்துக்கான கோடில் ஒரு தப்பும் இல்லை. "ஏம்மா, கார்ல வந்து சுட்டாங்கன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டேன். "அசால்ட்னு டாக்டர் எங்கேயும் எழுதலையே மேம். அதுவுமில்லாம எக்ஸ்டர்னல் காஸ் கோடுக்குப் பணம் வராது, அதை யாரும் பார்க்கமாட்டாங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

பணம் வராது, யாரும் பார்க்கமாட்டார்கள். சென்னையில் மட்டும் இல்லை, கோவை, திருச்சி, சேலம் என்று எங்கே கோடிங் வகுப்பு நடந்தாலும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான் போலிருக்கிறது. பதினான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் முதல் பாதி உண்மை. எக்ஸ்டர்னல் காஸ் கோட், அதாவது காயம் எதனால் வந்தது என்று சொல்லும் கோட், முதன்மை டயக்னோசிஸாக வராது, தப்பாகப் போட்டால் பொதுவாக டெனையலும் (இன்ஷூரன்ஸ் பணம் தர மறுப்பதும்) வராது. டெனையல் வராததால்தான் தப்பு அப்படியே தங்கிவிடுகிறது என்பது என் கவலை. மற்ற தப்புகளை இன்ஷூரன்ஸ்காரர் பிடித்துத் திருப்பி அனுப்புவார். இதைப் பிடிக்க ஆள் இல்லை.

இரண்டாவது பாதி சுத்தப் பொய். பார்க்கிறார்கள். பல மாநிலங்களில் இந்தக் கோடை அனுப்புவது சட்டப்படியே கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும், காயங்களைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கு இது பயன்படுகிறது, தானாக முன்வந்து போடுங்கள் என்று நம்முடைய கோடிங் விதிகளான கைட்லைன்ஸிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் போட்ட கோட் மருத்துவமனையிலிருந்து மாநில அரசின் தரவுக்குப் போகிறது. அங்கிருந்து ஹெச்கப் என்ற தேசியத் தொகுப்புக்குப் போகிறது, அதை நடத்துவது ஏஹெச்ஆர்க்யூ என்கிற மத்திய அரசு நிறுவனம். அதை எடுத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் எண்ணுகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள், எதற்குப் பணம் ஒதுக்குவது என்று அதிகாரிகள் பேசுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது நீங்கள் போட்ட எழுத்தும் எண்ணும் மட்டும்தான். கடை வாசலும் அந்தக் காரும் அதில் கிடையாது. அதைப் படித்த கடைசி ஆள் பெரும்பாலும் நம் கோடர்தான்.

இதனால் கணக்கு எவ்வளவு கோணலாகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் தற்கொலை 26,328, கொலை 20,958, விபத்து 549. விபத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இறப்புக் கணக்கு இறப்புச் சான்றிதழிலிருந்து வருகிறது, அதில் நாம் கைவைப்பதில்லை. பிழைத்தவர்களின் கணக்குக்கு வாருங்கள். இறப்பவர்களைவிட இவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பார்கள். இவர்களைப் பற்றி மருத்துவமனைத் தரவைக் கேட்டால் விபத்துகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. இதில் ஒரு பகுதி நியாயமானதுதான். கையிலோ காலிலோ தவறிச் சுட்டுக்கொண்டவர் பிழைத்துக்கொள்வார், தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்துவிடுவதால் பிழைத்தவர்கள் கணக்கில் அவர்கள் குறைவாகத்தான் தெரிவார்கள். ஆனால் அது மட்டும் காரணமில்லை. 2022இல் வந்த ஓர் ஆய்வில் மூன்று பெரிய மருத்துவமனைகளின் சார்ட்டுகளை ஆராய்ச்சியாளர்களே எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். தாக்குதல் என்று அவர்கள் முடிவு செய்தவற்றில் நான்கில் ஒன்றுக்கும் மேல் நம் மாதிரி கோடர்கள் கையில் விபத்தாக மாறியிருந்தன.

சரி, மாறினால் என்ன? விபத்து அதிகம் என்று கணக்கு சொன்னால், பூட்டுப் பெட்டி கொடு, குழந்தை கைக்கு எட்டாமல் வைக்கச் சொல் என்று திட்டம் போடுவார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் காரில் வந்து சுட்டவனை அது தடுக்காது. அதற்கு வேறு வேலை வேண்டும். சுடப்பட்டவர் கட்டிலில் படுத்திருக்கும்போதே பழிவாங்கக் கிளம்பாமல் பேசிப் பிடித்து நிறுத்துகிற ஆட்களைச் சில மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன. எந்த மருத்துவமனைக்கு எத்தனை ஆட்கள் தேவை என்பதை எக்ஸ் 93, 94, 95 என்ற தாக்குதல் கோடுகளை எண்ணித்தானே சொல்ல முடியும். தற்கொலைக்கு இன்னொரு வழி. மனசு உடைந்திருக்கும் நாட்களில் துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியே எடுத்துவிடுவதே பல உயிர்களைக் காப்பாற்றும். இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார இறுதியில் வீட்டுக்குப் போகிற சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று மாற்றியது. அங்கே தற்கொலைகள் ஏறக்குறைய 40% குறைந்தன. தரவைப் பார்த்து, எந்த நாளில் எங்கே நடக்கிறது என்று தெரிந்ததால் செய்ய முடிந்த மாற்றம் அது.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒய் 92 என்று ஒரு கோட் இருப்பதையே நம்மில் பலர் மறந்துவிட்டோம். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை சிகிச்சை நிபுணர், அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். வரவேற்பில் இருப்பவர்கள் நோயாளியிடம் எங்கே, எப்போது, எதை வைத்து அடித்தார்கள் என்று கேட்டுப் பதிந்தார்கள், பெயரை நீக்கிவிட்டு அந்த விவரத்தைப் போலீஸுக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். எந்தத் தெரு, எந்த பார், எத்தனை மணி என்று தெரிந்தபிறகு ரோந்தை மாற்ற முடிந்தது. இதேபோன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோது கார்டிஃபில் அடிபட்டு அட்மிட் ஆனவர்கள் குறைந்திருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே ஆயுதம் துப்பாக்கி இல்லை, பெரும்பாலும் கையும் பாட்டிலும்தான். ஆனால் முறை ஒன்றுதான், அட்லாண்டா பகுதியில் அமெரிக்கர்களும் அதைச் செய்துபார்த்தார்கள். நம் ஒய் 92 தெரு முகவரி அளவுக்குத் துல்லியமாக இருக்காது. வீடா, தெருவா, கடையா, பள்ளியா என்பதையாவது சொல்லும். அதையும் போடாமல் விட்டால்?

இன்னொரு பழைய கதையும் தெரிந்திருக்கட்டும். 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் டிக்கி திருத்தம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம்) பணம் செலவழிக்கக் கூடாது என்றது. கூடவே, அந்த ஆராய்ச்சிக்குப் போய்க்கொண்டிருந்த 26 லட்சம் டாலரும் அந்த வேலையிலிருந்து பிடுங்கப்பட்டது. மறுபடியும் இதற்கென்று 2.5 கோடி டாலர் ஒதுக்கியது 2019 டிசம்பரில்தான். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல், தனியாகத் தரவு திரட்டக் காசில்லாத ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே இருந்த மருத்துவமனைத் தரவை வைத்துத்தான் பாதி வேலையைச் செய்தார்கள்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வரியோடு சார்ட்டை மூடாதீர்கள். டாக்டர் எழுதிய விவரம், ட்ரையாஜ் நர்ஸ் குறிப்பு, ஆம்புலன்ஸ் குறிப்பு, சோஷியல் வொர்க்கர் குறிப்பு எல்லாவற்றையும் படியுங்கள். இதில் யாருடைய குறிப்பை வைத்துக் கோட் போடலாம் என்பதை அந்த வருஷத்துக் கைட்லைன்ஸும் கிளையன்ட் விதியும் சொல்லும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'அசால்ட்' என்ற சொல் எழுத்துக்கு எழுத்து இருந்தால்தான் போடுவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். இன்னொருவர் வேண்டுமென்றே காயப்படுத்தினார் என்று விவரம் சொன்னால் அதற்குப் பெயர் தாக்குதல். தயக்கமாக இருந்தால் விளக்கம் கேட்டு டாக்டருக்கு க்வெரி அனுப்புங்கள். கோட் தேடும் மென்பொருளான என்கோடரில் துப்பாக்கிக் காயம் என்று தட்டியதும் முதலில் டபிள்யூ 34 வந்து நிற்கும். முதலில் வந்துவிட்டதாலேயே அது சரியாகிவிடாது.

யாரையோ சுட்ட குண்டு வழியில் நின்றவர் மேல் பட்டால் அது விபத்து என்று சிலர் வாதாடுகிறார்கள். அவர் இறந்திருந்தால் சிடிசியின் வன்முறை மரணக் கணக்கில் அது கொலை. அப்படிப்பட்ட சார்ட்டை நீங்களாக முடிவு செய்யாமல் கேளுங்கள்.

நோக்கம் எங்கேயுமே எழுதப்படவில்லை என்றால் விபத்து என்று போடச் சொல்வது கைட்லைன், அதை மீறச் சொல்லவில்லை. நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சார்ட்டே சொன்னால் ஒய் 22 முதல் 24 வரை. 'எழுதவில்லை' வேறு, 'தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது' வேறு. இதைக் குழப்பாதீர்கள், தயவுசெய்து. அதேபோல, நோயாளியின் வயது, இனம், ஊர்ப் பெயர் இதையெல்லாம் பார்த்து 'இது தாக்குதலாகத்தான் இருக்கும்' என்று ஊகித்துப் போட்டால் அதுவும் பொய்த் தரவுதான். அப்படி ஒருவரைப் பிடித்திருக்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆறிவரும் காயத்துக்குக் கட்டு மாற்ற வந்தவருக்குக் கோடின் ஏழாவது எழுத்தாக 'ஏ' போடாதீர்கள், அது காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்போது போடுவது. இவருக்கு, தொடர் கவனிப்பைக் குறிக்கும் 'டி'. நீங்கள் 'ஏ' போட்டால் கணக்கில் அவர் இன்னொரு முறை சுடப்பட்டவராகிறார்.

டீம் லீடுகளுக்கு: ஆடிட்டில் இந்தக் கோடுக்கு மார்க்கே இல்லை என்றால் பிள்ளைகள் ஏன் படிப்பார்கள்? டார்கெட்டை வைத்து விரட்டிக்கொண்டே முழுச் சார்ட்டையும் படி என்று சொல்வதும் நியாயமில்லை, குண்டுக் காயச் சார்ட்டுக்காவது கூடுதல் நேரம் கொடுங்கள். அமெரிக்காவில் எமர்ஜென்சியில் வேலை பார்க்கும் நம்மூர் டாக்டர்கள் இதைப் படித்தால், உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும், ஆனாலும் யார் சுட்டது, தானா, பிறரா, தவறியா என்று ஒரே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்தப் பெண் கோடை எக்ஸ் 95.9 என்று மாற்றிவிட்டு, கடை வாசல் என்பதற்கு ஒய் 92இல் எது சரியாக வரும் என்று கேட்டாள். சேர்ந்து தேடிப் போட்டோம். சீட்டுக்குத் திரும்பிப் போனவள் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். "மேம், போன ஆறு மாசத்துல நான் போட்ட டபிள்யூ 34 எல்லாத்தையும் திரும்பப் பார்க்கலாமா?" அதெல்லாம் எப்போதோ அனுப்பியாயிற்று, கிளையன்ட் சம்மதம் இல்லாமல் திறக்க முடியாது. அன்றைக்கே மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.