உலோகத்தின் மேல் உறையும் கண்ணாடி

செப்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைச் சல்லடையால் தூவி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் சூளைக்குள் வைத்தால், இரண்டு மூன்று நிமிடங்களில் தூள் உருகித் தகட்டோடு பிடித்துக்கொள்ளும். செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி வேண்டும். அதனால் தகட்டுக்குச் சேதமில்லை. எனாமல் கலையின் செய்முறை வெளிப்பார்வைக்கு இவ்வளவுதான். டப்பாவில் விற்கும் எனாமல் பெயின்ட்டுக்கும் இதற்கும் உறவில்லை. அது காற்றில் காயும் பிசின். இது நெருப்பில் உருகி உறைந்த அசல் கண்ணாடி.

தகட்டை வெளியே எடுத்த பிறகுதான் சோதனை தொடங்குகிறது. ஆறும்போது செம்பும் சுருங்கும், கண்ணாடியும் சுருங்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. ஒவ்வொரு டிகிரிக்கும் செம்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு சுருங்குகிறது. எஃகு 12 பங்கு. சாதாரண ஜன்னல் கண்ணாடியோ சுமார் 9 பங்குதான். கண்ணாடி ஏறத்தாழ 500 டிகிரியில் இறுகிவிடும். அதற்குப் பின் அதனால் நெகிழ்ந்து கொடுக்க முடியாது. அங்கிருந்து அறைச் சூட்டுக்கு வருவதற்குள் 10 சென்டிமீட்டர் செப்புத் தகடு கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் குறைகிறது. அதே நீளமுள்ள ஜன்னல் கண்ணாடி அதில் பாதிதான். தலைமுடியின் தடிமனைப்போல் சில மடங்குதான் இந்த வித்தியாசம். ஆனாலும் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பொருள்களுக்கு நடுவே அது மிகப் பெரிய விசை. ஜன்னல் கண்ணாடியைத் தூளாக்கிச் செம்பில் உருக்கினால், ஆறும்போதே பொரிப்பொரியாகத் தெறித்து விழ வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் இரண்டின் சுருக்கத்தையும் சரிசமமாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். எனாமல் தயாரிப்பவர்கள் அப்படிச் செய்வதில்லை. கண்ணாடியை அமுக்கினால் அசாத்தியமாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. அதன் மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் இருக்கின்றன. இழுவிசை அவற்றைத் திறந்துவிடுகிறது, அமுக்கம் மூடிவைக்கிறது. ஆகவே கண்ணாடியில் சோடாவும் பொட்டாஷும் (சோடியம், பொட்டாசியம் சேர்மங்கள்) கூட்டி, அதன் சுருக்கத்தை உலோகத்தை நோக்கி நகர்த்துவார்கள்; ஆனால் ஒரு படி குறைவாகவே நிறுத்திவிடுவார்கள். அதிகம் சுருங்கும் உலோகம், மேலே இருக்கும் கண்ணாடியை எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கிப் பிடிக்கிறது. நல்ல எனாமல் ஓவியம் ஒவ்வொன்றும் செய்து முடித்த நாளிலிருந்து இந்த நெருக்கத்திலேயே இருக்கிறது. அதன் உறுதியும் அதில்தான்.

மெல்லிய தகடு என்றால் இந்த நெருக்கமே அதை வளைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தால் தகடு அந்தப் பக்கமாகப் புடைத்து எழும். அதனால் பின்பக்கத்திலும் ஒரு பூச்சு இடுவார்கள். காட்சிக்கூடச் சுவரில் தொங்கும் எனாமல் பலகையின் பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. முன்புறம் தட்டையாக நிற்பது அந்தப் பின்பூச்சின் தயவால்தான்.

ஒட்டுவது எப்படி என்பதும் சுவையான வேதியியல். சூட்டில் செம்பின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் உருகிய கண்ணாடிக்குள் கரைகிறது. உலோகம், ஆக்சைடு, கண்ணாடி என்று மூன்றும் திட்டமான எல்லையில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. படலம் தடித்துவிட்டாலோ அது செதிலாகப் பெயர்ந்து கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு போகும். எஃகு இன்னும் முரடு. அதற்கு முதல் பூச்சில் சிறிதளவு கோபால்ட் ஆக்சைடு தேவை. அது இரும்பைத் தொடும் இடத்தில் உலோகக் கோபால்ட்டாகப் படிந்து, பக்கத்து இரும்பை அரிக்கிறது. நுண்ணிய பள்ளங்களாகிவிட்ட அந்தப் பரப்பைக் கண்ணாடி கவ்விக்கொள்கிறது. எஃகில் கரி அதிகம் இருந்தால் வாயு கிளம்பிக் குமிழியாகும். சூளையில் எஃகு உறிஞ்சிய ஹைட்ரஜன் ஆறிய பிறகு வெளியேற வழி தேடி, நாள்கணக்கில் கழித்துக்கூடப் பூச்சைச் சிறு பிறை வடிவத் துண்டுகளாகத் தெறிக்கவைப்பதும் உண்டு. வேலை முடிந்தது என்று நினைத்த பிறகு வரும் இந்தக் கோளாறுதான் எனக்கு எல்லாவற்றிலும் கொடியதாகப் படுகிறது.

வண்ணத்துக்கு வருவோம். ஓவியர் இங்கே தனக்குத் தெரிந்த பாதியை மறக்க வேண்டியிருக்கும். நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை வராது. உருகினாலும் ஒவ்வொரு துகளும் தன் இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுவதால் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகத்தான் தெரியும். நிறம் கண்ணாடிக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும்: கோபால்ட் ஆழ்ந்த நீலம் தரும், செம்பு பச்சையும் நீலப்பச்சையும் தரும், மாங்கனீசு ஊதா தரும். மாணிக்கச் சிவப்புக்குத் தங்கம் வேண்டும். மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கே உள்ள தங்கத் துகள்கள் ஒளியின் பச்சைப் பகுதியை விழுங்கிச் சிவப்பை விட்டுவிடுகின்றன. வெள்ளைக்குப் பழையவர்கள் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தார்கள். அது கரையாமல் நின்று ஒளியைச் சிதறடிக்கிறது.

கலவை நிறம் வேண்டுமானால் ஒளி ஊடுருவும் கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒருமுறை சூளை. உள்ளே போகும் ஒளி எல்லா அடுக்குகளையும் கடந்து, உலோகத்தில் பட்டுத் திரும்பி, மறுபடி அதே அடுக்குகள் வழியாக வெளியே வருகிறது. ஒரே நிறத்தை ஒளி இருமுறை கடப்பதால்தான் எனாமலுக்கு அந்த ஆழம். உலோகத்தில் முன்கூட்டியே கோடுகள் செதுக்கியிருந்தால், பள்ளத்தில் கண்ணாடி தடித்து நிறம் கருக்கும், மேட்டில் வெளிறும். கேன்வாஸில் எந்த எண்ணெய் வண்ணத்தாலும் இதைச் செய்ய முடியாது என்பது என் துணிபு.

சூளையைத் திறந்து பார்க்கும் கலைஞருக்கு நிறம் ஒரு வழிகாட்டியே அல்ல. சூட்டில் எல்லாம் தணலாகவே தெரியும். ஆறும்போதுதான் சிவப்பு சிவப்பாகும். பரப்பைத்தான் பார்க்க வேண்டும். தூள் முதலில் இறுகும், பிறகு தொழிலில் ‘ஆரஞ்சுத் தோல்’ என்று அழைக்கும் மேடுபள்ள நிலைக்கு வரும், கடைசியில் வழவழப்பாகும். மரபில் அந்தக் கடைசி நிலையே இலக்கு. இன்றைய கலைஞர்கள் பலர் நடு நிலையிலேயே வேண்டுமென்று நிறுத்தி, சொரசொரப்பையும் கருகலையும் தங்கள் மொழியாக்கிக்கொள்கிறார்கள்.

பல நூற்றாண்டுகள் எனாமல் பெரும்பாலும் நகைக்கும் வழிபாட்டுப் பொருளுக்கும் உரியதாக இருந்தது. 1923-இல் ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி ஒரே வடிவமைப்பை மூன்று அளவுகளில் எனாமல் பலகைத் தொழிற்சாலை ஒன்றில் செய்யவைத்தார். பலகைகளின் மேல் தன் கையால் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. 1960-களில் அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனும் எஃகின் மேல் எனாமலை எடுத்துக்கொண்டது அந்தத் தொழிற்சாலைத் துல்லியத்துக்காகவே. அதற்கு நேரெதிர் அமெரிக்க எனாமல் கலைஞர் ஜூன் ஷ்வார்ட்ஸ் (1918–2015). காகிதம்போல் மெல்லிய செப்புத் தகட்டை அவர் மடித்தார், கசக்கினார், தைத்தார். மின்முலாம் தொட்டியில் மேலும் செம்பு படியவைத்துத் தடிப்பாக்கினார். பிறகே எனாமல் இட்டார். அவருடைய கலங்கள் எதையும் கொள்வதற்கானவை அல்ல. எனாமலைச் சிற்பமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரையே முதலில் வைப்பேன்.

பொது இடங்களுக்கு எனாமல் வந்ததும் இயல்பே. அதன் நிறம் பெரும்பாலும் உலோக ஆக்சைடின் நிறம், வெயிலில் வெளுக்காது. பிரிட்டிஷ் கலைஞர் மார்க் வாலிங்கர் 2013-இல் லண்டன் சுரங்க ரயிலின் 270 நிலையங்களுக்கும் ஒவ்வொரு சுழல்வழி வரைந்தார். எல்லாம் எனாமல் பலகைகள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் அழியாதது என்று சொல்லிவிட முடியாது. சுருக்கத்தைச் சரிக்கட்டச் சேர்த்த அதே சோடாவும் பொட்டாஷும் அளவு மிஞ்சினால், காற்றின் ஈரம் அவற்றைக் கண்ணாடியிலிருந்து மெல்ல உறிஞ்சி வெளியேற்றுகிறது. நுண்விரிசல் வலைபோல் பரவும். பிரான்சின் லிமோஷ் நகரத்து 16-ஆம் நூற்றாண்டு எனாமல்கள் சிலவற்றில் இதைக் காணலாம். தெறித்து உடைந்த பழைய எனாமலை மறுபடி சூளையில் வைக்கவும் பராமரிப்பாளர்கள் துணிவதில்லை. முழுப் பொருளையும் சூடேற்றினால் மற்ற இடங்களும் விரிசல் விடலாம், நிறம் மாறலாம். அதனால் பள்ளத்தைப் பிசினால் நிரப்பி வண்ணம் தீட்டுகிறார்கள். பிசின் காலப்போக்கில் மஞ்சளிக்கும்போது அதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி நிரப்புவார்கள்.