டாங்கிளைக் கழற்றிய பிறகும் காது கேட்காத ரேடியோ

பழுது பார்க்க வரும் ஹாம் (அமெச்சூர்) ரேடியோக்களில் ஒரு வகையை நான் மூடியைத் திறக்காமலேயே கண்டுபிடித்துவிடுவேன். பின்பக்கம் கம்பெனி போடாத ஓர் ஓட்டை இருக்கும், அதில் ஒரு எஸ்எம்ஏ சாக்கெட், ரேடியோ சிக்னல் கேபிளைத் திருகி மாட்டும் சின்ன வகை. அதில் ஒரு டாங்கிளை (கணினியின் யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) இணைத்து, பேண்ட் (அலைவரிசைப் பட்டை) முழுவதையும் கணினித் திரையில் பார்க்கும் ஆசையில் செய்த வேலை. ஆசையில் தப்பில்லை, எனக்கும் உண்டு. சாலிடர் வைத்த விதத்தில்தான் தப்பு.

ஆன்டெனாவில் வருவதை டிரான்ஸீவர் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் செட்) முதலில் மிக்ஸர் என்ற அதிர்வெண் மாற்றும் சுற்றில் போட்டு ஒரு நிலையான இடை அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்கிறது. யேஸு எஃப்டி 817-இல் அது 68.33 மெகாஹெர்ட்ஸ். ஆர்டிஎல் டாங்கிளுக்கு எட்டுகிற இடம்தான், ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் காட்டும். ஆனால் மிக்ஸருக்கும் அதை அடுத்த ஃபில்டருக்கும் நடுவில் எடுத்தால்தான் அந்த அகலம் கிடைக்கும், ஃபில்டரைத் தாண்டிவிட்டால் மிஞ்சுவது குறுகலான ஒரு கீற்றுதான்.

ஒருவர் அந்த இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தார். பிடித்து, மெல்லிய ஆர்ஜி 174 கேபிளை நேராக அங்கேயே சாலிடர் வைத்துவிட்டார். ரிசீவ் மந்தமானதும் டாங்கிளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார், அப்போதும் மந்தம், எனவே ரேடியோ செத்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே இருந்த கேபிள் 30 சென்டிமீட்டர். இந்தக் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் என்றால் இதற்கு 30, அந்த அதிர்வெண்ணில் அது கிட்டத்தட்ட 78 ஓம். மறுமுனையில் எதுவும் மாட்டாவிட்டாலும் கேபிளே சுமையாக உட்கார்ந்து இசைவைக் கெடுக்கும். எடுத்துவிட்டேன், காது திரும்பிவிட்டது.

நடுவில் ஒரு பஃபர் வேண்டும், அதாவது எடுக்கிற இடத்துக்குச் சுமை தராமல் சிக்னலை மட்டும் கேபிளுக்குக் கொடுக்கும் சின்னச் சுற்று. ஜே310 மாதிரி ஒரு ஜேஃபெட் டிரான்ஸிஸ்டர், அதன் கேட் என்ற உள்ளீட்டுக் காலுக்கு 4.7 பிகோஃபாரட் கெபாசிட்டர் வழியாக இணைப்பு, சின்ன போர்டு, எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே. கேபிள் பஃபருக்கு அப்புறம்தான் தொடங்க வேண்டும். இதில் இன்னொரு லாபம், டாங்கிளின் யுஎஸ்பி இரைச்சல் ரேடியோவுக்குள் அவ்வளவு எளிதாகத் திரும்பி ஏறாது.

அதிகம் பேர் மறப்பது டிரான்ஸ்மிட்டை. பல செட்டுகளில் அதே மிக்ஸர், அதே ஃபில்டர் வழியாகத்தான் அனுப்பும் சிக்னலும் போகிறது, பட்டனை அழுத்தியதும் எடுத்த இடத்தில் மட்டம் எகிறும். டாங்கிளின் டியூனர் தாங்குவது 10 மில்லிவாட் வரைதான். அதனால் பஃபருக்கான மின்சாரத்தை ரிசீவில் மட்டும் உயிரோடிருக்கும் லைனிலிருந்து எடுங்கள், வெளியீட்டில் இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிராகப் போடுங்கள். சுமார் 0.6 வோல்ட்டில் அவை வெட்டிவிடும், 50 ஓமில் அது 4 மில்லிவாட்டுக்குள் அடங்கும்.

திரையில் பேண்ட் தலைகீழாக வந்தால் பயந்து மறுபடி மூடியைக் கழற்றாதீர்கள்! மிக்ஸருக்கு அலை கொடுக்கும் ஆசிலேட்டர், சிக்னலுக்கு மேலே இடை அதிர்வெண் அளவு தள்ளி ஓடினால் அப்படித்தான் வரும். மென்பொருளில் ஐ, க்யூ (டாங்கிள் தரும் இரு சிக்னல் ஓடைகள்) இரண்டையும் மாற்றிப்போட்டால் சரி.

ரேடியோவையும் கணினியையும் ஆடியோவால் சேர்க்கும் சவுண்ட் கார்டு இணைப்புக்கும் இதே புத்திதான்: ஆடியோவுக்கு 1:1 டிரான்ஸ்ஃபார்மர், பிடிடிக்கு (அனுப்பத் தொடங்கவைக்கும் பட்டன் லைன்) ஒளி வழியாக மட்டும் இணைக்கும் ஆப்டோகப்ளர், இரண்டு கிரவுண்டும் நேராகத் தொடக் கூடாது. தொட்டால் முதலில் ஹம், பிறகு அனுப்பும்போதெல்லாம் யுஎஸ்பி அறுந்து அறுந்து வரும். எஃப்டி8 (கணினி வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) அனுப்பும்போது ஏஎல்சி முள், அதாவது உள்ளீடு மிஞ்சுவதைக் காட்டும் மீட்டர், அசைந்தால் ஆடியோவைக் குறையுங்கள், பவர் போதவில்லை என்று ஏற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் உடனே டாங்கிளை மாட்டிவிடாதீர்கள். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (பவரை வெப்பமாக்கி விழுங்கும் ரெசிஸ்டர்), புது சாக்கெட்டில் 50 ஓம் ரெசிஸ்டர், அதன் மேல் ஆசிலோஸ்கோப். குறைந்த பவரில் பிடிடியை அழுத்திப் பாருங்கள், பிறகு முழு பவரில். வரும் வோல்ட்டேஜையும் எங்கே சாலிடர் வைத்தீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போவது அநேகமாக நான்தான்.