குதிரைக்கு நம் மனசு எப்படித் தெரிகிறது?

1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டது. மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால், குளம்பால் தரையில் ஏழு முறை தட்டி நிறுத்திவிடும். வளர்த்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 1904இல் ஒரு நிபுணர் குழு வந்து பார்த்துவிட்டு, இதில் மோசடி இல்லை என்று சொன்னது.

அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர், கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்க வைத்தார். ஹான்ஸ் தடுமாறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் அப்படித்தான். கேள்வி கேட்டதும் ஆட்கள் தங்களை அறியாமல் லேசாக முன்னால் குனிகிறார்கள், தட்டல் சரியான எண்ணைத் தொட்டதும் உடம்பின் இறுக்கம் தளர்ந்து தலை ஒரு துளி நிமிர்கிறது, அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியிருக்கிறது. 1907இல் இந்த ஆய்வு வெளியானது. இத்தனையும் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுசாக அடக்க முடியவில்லை.

'குதிரைக்குக் கணக்கு தெரியாது, அவ்வளவுதான்' என்று பலர் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. சுற்றி நின்ற நிபுணர்கள் கண்ணுக்கே தப்பிய ஓர் அசைவை அது பிடித்திருக்கிறதே!

திறந்த புல்வெளியில் வேட்டைக்கு இரையாகி வந்த இனம் அது. கூட்டத்தில் ஒரு குதிரை காதை விறைத்தாலே மற்றவை ஓடத் தயாராக வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும். பக்கவாட்டில் அமைந்த கண்கள் கிட்டத்தட்ட 350 டிகிரி வரை பார்க்கும். அந்தக் கவனத்தை இப்போது நம் மேல் வைத்திருக்கிறது. 2016இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், கோபமான மனித முகத்தின் வெறும் புகைப்படத்தைக் காட்டியதற்கே குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது.

சவாரிப் பயிற்சியும் பெரும்பாலும் இந்தக் கவனத்தை நம்பித்தான் நடக்கிறது. காலால் விலாவை லேசாக அழுத்துகிறோம், குதிரை நகர்ந்த அதே நொடியில் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அந்த விடுதலைதான் அதற்குப் பரிசு. கடிவாள வாரிலும் இதே முறைதான். விடுவது கொஞ்சம் தாமதமானால், நகர்ந்ததற்குப் பலன் கிடைத்ததாகக் குதிரை எடுத்துக்கொள்ளாது, அந்த நேரத்தில் வேறு என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் கற்றுக்கொள்ளும், பிறகு அதற்கு 'முரட்டுக் குதிரை' என்று பெயர் வந்துவிடும்.