எடை சமம் என்பதால் எலும்பு சமமாகிவிடாது

கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்து ஊர்களில் விடிய விடியக் கபடி நடக்கும். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த கோவில்பட்டிக்கு ஹாக்கிதான் உயிர். ஆட்டம் எதுவானாலும் பதிமூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: முட்டிக்குக் கீழே வலி. வீட்டில் சுளுக்கு என்பார்கள். எண்ணெய் போட்டு வழித்துவிடுவார்கள். வளரும் பிள்ளைக்கு இது ஆபத்தாக முடியலாம்.

நீண்ட எலும்புகள் நடுவில் வளர்வதில்லை. நுனிக்கு அருகே இருக்கும் மெல்லிய குருத்தெலும்புப் படலத்தில்தான் வளர்கின்றன. வளர்ச்சித் தட்டு என்று அதற்குப் பெயர். அங்கே செல்கள் பெருகி, சுண்ணாம்புச் சத்து ஏறி, எலும்பாகின்றன. பெண்களுக்கு ஏறத்தாழ 13 முதல் 15 வயதிலும் ஆண்களுக்கு 15 முதல் 17 வயதிலும் தட்டு மூடிக்கொள்கிறது. அதுவரை மூட்டைப் பிணைத்திருக்கும் தசைநாரைவிட இந்தத் தட்டுக்குப் பலம் குறைவு. கபடியில் கணுக்காலைப் பிடித்து மடக்கினால் 25 வயது வீரருக்குத் தசைநார் கிழியும். அதே பிடியில் 13 வயதுப் பையனுக்குத் தட்டே விலகக்கூடும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் இடம் நகராத பிளவு படத்தில் தப்பிவிடுவதும் உண்டு. அந்த நிலையில் இழுத்து உருவினால் நகராததும் நகர்ந்துவிடும். தட்டு சிதைந்தால் கால் வளைந்தோ குட்டையாகவோ வளரும்.

அடிபடாமலே வருகிற முட்டிவலிக்குக் காரணம் வேறு. 14 வயதை ஒட்டி ஆண்பிள்ளைகள் ஒரே ஆண்டில் 9, 10 சென்டிமீட்டர்கூட உயர்வார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தொடையின் முன்தசை ஈடுகொடுக்காமல் விறைத்து நிற்கும். அந்தத் தசை முழங்கால் சிப்பியைக் கடந்து, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் உள்ள சிறு மேட்டைப் பற்றியிருக்கிறது. அந்த மேடும் இன்னும் முற்றாத குருத்தெலும்பு. பாய்ந்து கோட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் தசை அதை இழுக்கிறது. சிப்பிக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளி அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் சுரீரென்று வலித்து, அங்கே மேடு தட்டுப்பட்டால் பெரும்பாலும் இதுதான். 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்ததால் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. தாவலையும் பாய்ச்சலையும் குறைத்துத் தொடைத்தசையை நீட்டிப் பழகினால் போதும். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலோருக்கு வலி அடங்கிவிடும்.

தடுப்பதற்குப் பணம் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் பென்சிலால் உயரம் குறியுங்கள். கோடு சட்டென்று ஏறினால், அந்தப் பருவத்தில் பயிற்சியைக் குறைக்கும்படி பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். வாரத்தில் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, அதாவது 12 வயதுக்கு 12 மணி நேரம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு. ஒரு நாளாவது முழு விடுமுறை வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவதோடு நம் ஊரில் தயாரிப்பு முடிந்துவிடுகிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்து வீராங்கனைகளுக்கு ஓட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, முட்டி உள்ளே மடங்காமல் தாவி இறங்குவது எல்லாம் சேர்ந்த 20 நிமிடப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கபடிக்காரர்களும் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கொடைப் போட்டிகளை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிலோக் கணக்கில் மட்டும் அணி பிரிக்காதீர்கள், வயதையும் பாருங்கள். ஒரே எடை என்பதற்காக, தட்டு மூடாத பையனை முற்றிய எலும்புள்ள இளைஞனின் பிடியில் விடுவது நியாயமில்லை.

கால் ஊன்ற முடியவில்லை, மூட்டு வீங்குகிறது, வலியில் இரவுத் தூக்கம் கெடுகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை போல எலும்பு மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் எலும்பு நுனியை அழுத்தினால் பிள்ளை துடிக்கிறான் என்றால், சில நாள் கழித்து மறுபடி படம் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.